இறக்கைக்குள் தேங்கிய தண்ணீர்

கடந்த ஐப்பசியில் மழை சற்றே விட்டிருந்த ஒரு ஞாயிறு காலை. தென்மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் வாசலில் நிற்கும் கிரண் விமானத்தின் இடது இறக்கைக்கு அடியில், பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரித்து மல்லாந்து படுத்திருந்தேன். இறக்கையின் அடித்தகட்டில் பென்சில் நுழையும் அளவுக்குச் சிறு துளைகள் இருக்க வேண்டும். உள்ளே சேரும் நீர் வடிந்து போவதற்கு, வடிவமைத்தவர்கள் வைத்த வழி அது. ஒன்றைக்கூடக் காணவில்லை. விமானம் பளிச்சென்று இருக்கட்டும் என்று யாரோ நல்ல மனத்தோடு, வீட்டு கேட்டுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டை இரண்டு கோட்டிங் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். விரல்நுனியால் தடவித் தடவி ஒரு சின்னக் குழிவைக் கண்டுபிடித்து, சைக்கிள் கம்பியால் குத்தினேன்.

தண்ணீர் கொட்டியது. பழுப்பு நிறம், மக்கிய இலையின் வாடை. ஒரு பக்கெட் நிறைந்து, அடுத்ததில் பாதி வரை வந்து நின்றது.

"சார், இத்தனை தண்ணியா உள்ள இருந்துச்சு?" என்றார் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்த மாணவர்.

பக்கெட்டின் அடியில் படிந்திருந்த வெள்ளை மாவை விரலில் தொட்டுக் காட்டினேன். "தண்ணிய விடுங்க தம்பி, இதைப் பாருங்க. இதுதான் விமானம். கரைஞ்சு வருது."

நான் 1974-ல் விமானப்படையில் சேர்ந்து, தாம்பரத்தில் தொழில் பழகி, இருபது ஆண்டுகள் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தவன். முதலில் கிழக்கே டகோட்டா விமானங்கள், கடைசி ஆண்டுகளில் கிரண். என்னைப் போன்ற நான்கு முன்னாள் ஃபிட்டர்களும் ஏழெட்டு மாணவர்களும் சேர்ந்து, அனுமதி கிடைக்கும் இடங்களில் நிற்கும் பழைய விமானங்களைக் கழுவுகிறோம், வடிதுளைகளைத் திறக்கிறோம், குளவிக்கூடு எடுக்கிறோம். சங்கம் என்றோ பதிவு எண் என்றோ எங்களுக்கு எதுவும் இல்லை. இந்தக் கட்டுரையை இப்போது எழுதக் காரணம் மிக்-21.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் அந்தப் போர் விமானம் நம் விமானப்படையிலிருந்து விடைபெற்றது. 1963-ல் அதே சண்டிகரில்தான் அதன் முதல் படையணி தொடங்கியது. 62 ஆண்டுகளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட மிக்-21கள் நம் படையில் இருந்தன, அவற்றில் பெரும்பகுதி நாசிக்கில் நம் தொழிலாளர்கள் கட்டியவை. இனி பள்ளிகளும் கல்லூரிகளும் பூங்காக்களும் ஆளுக்கொன்று கேட்கும். கொடுக்கட்டும், தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் எந்த வடிதுளை எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள் இல்லாத இடத்துக்குப் போகும் விமானம் பத்துப் பதினைந்து மழைக்காலத்தில் இந்தக் கிரண் போல ஆகிவிடும். மிக்-21ல் கைவைத்து வேலை பார்த்தவர்கள் இன்று உயிரோடு, நல்ல நினைவோடு, நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். விமானத்தோடு அவர்களையும் சேர்த்துக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இந்த எண்ணம் எனக்கு வந்ததற்கு என் தாய்மாமாதான் காரணம். அவர் பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் தகடு வேலை பார்த்தவர், அல்சூரில் குடியிருந்தார். 1940-ல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, 1943-ல் அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் கூடமாக மாறியது. பர்மா, சீனப் போர்முனைகளிலிருந்து அடிபட்டு வந்த விமானங்களைப் பிரித்து, ஒட்டி, திருப்பி அனுப்பினார்கள். மாமாவுக்கு அங்கேதான் கை பழகியது. பள்ளிக்கூடத்தில் அவர் எட்டாவது தாண்டவில்லை. ஆனால் ஒரு தகட்டை விரல் முட்டியால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே ரிவெட் தளர்ந்திருக்கிறது என்று சொல்வார்.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை தன் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் விட்டுவிட்டுப் போனது. நான்கு என்ஜின் கொண்ட அமெரிக்க விமானம் அது. கடன்-குத்தகை ஏற்பாட்டில் வந்தது என்பதால், அமெரிக்காவுக்குத் திருப்பித் தராவிட்டால் யாருக்கும் உதவாதபடி ஆக்கிவிட வேண்டும். ஆகவே போவதற்கு முன் அவற்றைச் சிதைத்தார்கள். என்ஜினில் மணலைக் கொட்டியதையும், உடற்பகுதியில் வண்டியை மோதவிட்டதையும் அந்தத் தலைமுறைக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சுதந்திரம் வந்து, காஷ்மீரில் சண்டையும் மூண்டபோது இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வெளியே வாங்கப் பணமும் இல்லை. அப்போது கான்பூரின் அந்தக் குப்பைமேடு நினைவுக்கு வந்தது.

எச்.ஏ.எல். ஆட்கள் கான்பூர் போனார்கள். பறந்து பெங்களூர் வந்து சேரும் அளவுக்கு மட்டும், ஒன்றின் உறுப்பை எடுத்து இன்னொன்றில் பூட்டினார்கள். இரண்டு ஊருக்கும் இடையே ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். தொழிற்சாலையின் தலைமைச் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு வந்தார். மறுபடி பறக்கக் கூடாது என்றே சிதைக்கப்பட்ட விமானத்தில் ஏறி உட்கார்ந்து, கீழே நிற்கும் ஃபிட்டரின் சொல்லை மட்டும் நம்பி அத்தனை தூரம் பறப்பது எப்படிப்பட்ட காரியம் என்பது இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். பெங்களூரில் முழுசாகப் பிரித்து மீண்டும் கட்டினார்கள். 1948 நவம்பரில் 5-ஆம் படையணி அந்த விமானங்களோடு பிறந்தது. சுமார் நாற்பது லிபரேட்டர்கள் இப்படி மறுபிறவி எடுத்தன. "நொறுக்கிப் போட்டவன் வந்து பார்த்தா அடையாளம் கண்டிருக்க மாட்டான்டா" என்று மாமா சொல்வார். பெருமை என்பதைவிட, ஒரு கணக்கை நேர் செய்துவிட்ட நிறைவு அந்தக் குரலில் இருக்கும்.

அமெரிக்கா அந்த விமானத்தை 18,000-க்கும் மேல் செய்தது. வில்லோ ரன் என்ற இடத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் ஆலையிலிருந்து, உச்ச காலத்தில் மணிக்கு ஒன்று வெளியே வந்தது. போர் முடிந்ததும் அதே வேகத்தில் உருக்கினார்கள். இந்தியாவில் மட்டும் அவை பறந்துகொண்டே இருந்தன. கடைசியில் கடல் கண்காணிப்புக்கு. 1968 முடியும் வரை. அதற்குள் தங்கள் லிபரேட்டர்களைத் தாங்களே அழித்துவிட்ட நாடுகளுக்கு அவை தேவைப்பட்டன. ஒன்று கனடாவுக்குப் போனது. ஒன்று அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்துக்கு. ஒன்று 1974-ல் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் பறந்தே போனது. இந்தியாவில் கிடந்த இன்னொன்றை 1980-களின் தொடக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் சேகரிப்பாளர் வாங்கினார், அவரிடமிருந்து அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளைக்குப் போய், 1989-ல் அது மறுபடி வானில் ஏறியது. இன்று உலகில் மிஞ்சியிருக்கும் முழு லிபரேட்டர்கள் மிகக் குறைவு. அவற்றில் பல நம் நாட்டிலிருந்து போனவை. தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. பத்தாண்டுக்கு முன் அதன் அருகே போய் நின்று, ரிவெட் வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே நடந்தேன். இதில் ஏதோ ஒரு வரிசை மாமாவுடையது என்று நம்ப ஆசையாக இருந்தது. நிரூபிக்க வழியில்லை. மாமா இறந்தபோது, அவருடைய அளவுக் குறிப்புகள் நிறைந்த நோட்டுப் புத்தகத்தைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டார்கள். விடுமுறையில் வந்திருந்த நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

மற்ற நாடுகளில் இந்த வேலையைச் செய்பவர்கள் யார் என்று தேடிப் படித்திருக்கிறேன். முக்கால்வாசி சாதாரண மனிதர்கள். இங்கிலாந்தின் லிங்கன்ஷைரில் ஃபிரெட், ஹெரால்டு பான்டன் என்று கோழிப்பண்ணை வைத்திருந்த சகோதரர்கள். அவர்களின் அண்ணன் கிறிஸ்டோபர், 1944 மார்ச் 30 இரவு நியூரம்பர்க் நகர் மீதான தாக்குதலுக்குப் பறந்து போய்த் திரும்பவில்லை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் அந்த ஒரே இரவில் விழுந்தன. தம்பிகள் பண்ணை வருமானத்தைச் சேர்த்து, ஈஸ்ட் கிர்க்பியில் கைவிடப்பட்ட போர்க்கால விமானதளத்தின் ஒரு பகுதியை வாங்கினார்கள். 1983-ல் ஒரு லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தையும் வாங்கி, அங்கே கூரை போட்டு நிறுத்தினார்கள். அது இன்று நான்கு என்ஜினும் முழங்கத் தரையில் ஓடிக் காட்டுகிறது. அண்ணனுக்குக் கல்லறைக் கல் நடுவதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. என்ஜினை ஓடவைத்தார்கள்.

கிரீன்லாந்துப் பனியிலிருந்து எடுத்த பி-38 கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1942 ஜூலையில் ஆறு போர் விமானங்களும் இரண்டு குண்டுவீச்சு விமானங்களும் அங்கே அவசரமாக இறங்கின. ஆட்கள் எல்லோரும் காப்பாற்றப்பட்டார்கள், விமானங்கள் பனியில் புதைந்தன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து ஆர்வலர்கள் போய்ப் பார்த்தபோது அவை 268 அடி ஆழத்தில் இருந்தன. சூடான கருவியால் பனியை உருக்கிக் கிணறு போல இறக்கி, ஒரு விமானத்தைத் துண்டு துண்டாக 1992-ல் மேலே கொண்டுவந்தார்கள். 2002 அக்டோபரில் அது பறந்தது. பத்து ஆண்டு வேலை. இதைச் சொன்னால் "பணக்கார நாடு, செய்வார்கள்" என்று நண்பர்கள் சொல்வதுண்டு. 1948-ல் நாம் பணக்கார நாடாகவா இருந்தோம்?

நம் நாட்டிலும் இது இப்போது நடக்கிறது. கழிவாகக் கிடந்த ஒரு டகோட்டாவை ராஜீவ் சந்திரசேகர் வாங்கிச் செப்பனிட்டு, 2018-ல் விமானப்படைக்குக் கொடுத்தார். அவருடைய தந்தை ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகர், டகோட்டா விமானி. பரசுராமா என்று பெயரிட்டு, வி.பி. 905 என்ற எண்ணை அதற்கு எழுதியிருக்கிறார்கள். 1947 அக்டோபர் 27 அன்று சீக்கிய ரெஜிமென்ட் வீரர்களை ஸ்ரீநகருக்கு ஏற்றிச் சென்ற டகோட்டாவின் எண் அது. பரசுராமா இங்கிலாந்திலிருந்து பறந்தே இந்தியா வந்தது. தொலைக்காட்சியில் அதன் சத்தம் கேட்டதும் என் உள்ளங்கையில் எண்ணெய் வாடை அடித்தது போல இருந்தது.

டகோட்டாவை எழுப்புவது தனி வித்தை. அதன் என்ஜினில் வட்டமாகப் பதினான்கு சிலிண்டர்கள். இரவு நின்றிருந்தால் கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கும். ஆகவே காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், இரண்டு பேர் நின்று புரொப்பெல்லரை ஒவ்வொரு பிளேடாகக் கையால் இழுத்துச் சுற்ற வேண்டும். எங்கேயாவது இறுகினால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். பலத்தைக் காட்டினால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கீழ் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். இறுகுவதற்கு ஒரு நொடி முன்பாகத் தோள்பட்டையில் ஒரு கனம் தெரியும். அதை எந்தக் கையேட்டிலும் எழுத முடியாது. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் என் கையின் மேல் தன் கையை வைத்து இழுத்தார். லிபரேட்டரில் இருந்ததும் இதே குடும்பத்து என்ஜின்தான். ஆக, மாமாவும் அதே கனத்தைத் தன் தோளில் உணர்ந்திருப்பார்.

பழைய விமானங்களைப் பறக்கவிடலாமா என்று மாணவர்கள் ஓயாமல் கேட்கிறார்கள். என் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. 2019 அக்டோபர் 2 அன்று, நான் மேலே சொன்ன காலிங்ஸ் அறக்கட்டளையின் பி-17 விமானம் கனெக்டிகட்டில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். பராமரிப்புக் குறைபாடும் அதற்கு ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது. டகோட்டா போல உலகெங்கும் உதிரிப்பாகமும் தெரிந்த ஆட்களும் உள்ள விமானம் பறக்கட்டும், படை அதை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும். ஓரிரண்டே மிஞ்சிய விமானம் தரையில், கூரைக்குக் கீழ், காய்ந்த நிலையில் இருக்க வேண்டும். பறக்காவிட்டாலும் கதவு திறக்கலாம், இறக்கையின் ஃபிளாப் அசையலாம், ஒரு குழந்தை இருக்கையில் உட்காரலாம்.

விசாகப்பட்டினம் கடற்கரையில் டியூ-142 விமானத்தைப் பார்க்கப் போயிருந்தேன். நான்கு என்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டைப் புரொப்பெல்லர். நம் கடற்படையில் 29 ஆண்டு பணியாற்றி, 2017 மார்ச்சில் நம் அரக்கோணத்து ராஜாளி தளத்தில்தான் ஓய்வு பெற்றது. அந்த ஆண்டு டிசம்பரில் விசாகையில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். என்னோடு வந்த நண்பர் அரக்கோணத்தில் அந்த விமானத்தில் வேலை பார்த்தவர். உள்ளே ஓர் இருக்கையைக் காட்டி, "இங்கதான்யா எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் உக்காந்திருப்பாங்க. இறங்கி வந்ததும் ரெண்டு நாளைக்குக் காதுல அந்தச் சத்தம் ஓயாது" என்று தமிழில் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த ஒரு தமிழ்க் குடும்பம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு பத்துப் பேர் சேர்ந்தார்கள். முக்கால் மணி நேரம் யாரும் நகரவில்லை. ஒரு பெண் குழந்தை, "தாத்தா, கழிவறை எங்க இருந்துச்சு?" என்று கேட்டது. அதற்கும் காட்டினார்.

இதற்கு நேர்மாறானதையும் பார்த்திருக்கிறேன். ஒரு நகரத்துப் பூங்காவில் நின்ற நாட் என்ற பழைய போர் விமானத்தைச் சுத்தம் செய்ய அனுமதி கேட்டு மூன்று முறை மனுக் கொடுத்தோம். நான்காவது முறை நேரில் போனபோது மேடை மட்டும் இருந்தது. நடைபாதை விரிவுபடுத்துவதற்காகக் கிலோ கணக்கில் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். விசாரித்துப் போய்ச் சேர்வதற்குள் கேஸ் கட்டரால் வெட்டியிருந்தார்கள். வால்பகுதி மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. விற்ற அதிகாரி கெட்டவர் இல்லை. அது என்ன விமானம், நாட்டில் எத்தனை மிச்சம் என்று அவருக்குச் சொல்ல ஒரு காகிதம்கூட அங்கே இல்லை.

காகிதம் என்றதும் ஃபார்ம் 700 பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு விமானத்துக்கும் உரிய பராமரிப்புப் பதிவேடு அது. எந்த நாள் எந்த போல்ட்டை யார் மாற்றினார், யார் சரிபார்த்துக் கையெழுத்திட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். விமானத்தின் வாழ்க்கை வரலாறு என்றால் அதுதான். விமானம் காட்சிக்குப் போகும்போது பதிவேடு கூடப் போவதில்லை. அந்தக் கல்லூரிக் கிரண் எந்தத் தளத்தில் இருந்தது, எத்தனை மணி பறந்தது என்று சொல்ல அங்கே யாருமில்லை. எண் பொறித்த தகட்டையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 1960-களில் நம் நாட்டிலேயே வடிவமைத்துப் பறக்கவிட்ட பயிற்சி விமானம் அது. ஆசிரியரும் மாணவரும் அக்கம்பக்கமாக உட்கார்ந்து, ஒரு தலைமுறைப் போர் விமானிகள் அதில்தான் ஜெட் ஓட்டப் பழகினார்கள். வாசலில் உள்ள பலகையிலோ நன்கொடையாளர் பெயர் மட்டும் இருக்கிறது.

ஆகவே பாதுகாப்பு அமைச்சகத்தையும் விமானப்படையையும் கேட்கிறேன். மிக்-21 போகும் ஒவ்வோர் இடத்துக்கும் பதிவேட்டின் நகல் ஒன்று கூடப் போகட்டும். ரகசியமான பக்கங்களை எடுத்துவிடலாம், மீதி போதும். வாங்குகிறவர்கள் கூரை போடுவதாக எழுதிக் கொடுக்கட்டும். அந்தக் கல்லூரியில் தகரக் கூரைக்கு ஓர் உள்ளூர்ப் பட்டறைக்காரர் நாலரை லட்சம் ரூபாய் கேட்டார். பெரிய தொகைதான், ஆனால் விமானத்தை லாரியில் கொண்டுவந்து மேடை கட்டி விழா எடுத்த செலவோடு ஒப்பிட்டால் தாங்கக்கூடியது. பழைய விமானத்தைக் கழிவாக ஏலம் விடுமுன் மூன்று மாதம் முன்கூட்டியே பட்டியலை வெளியிட்டால், எங்களைப் போன்றவர்கள் ஓடிவந்து பார்க்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மாவட்டத்தில் குடியிருக்கும் முன்னாள் ஃபிட்டர் ஒருவரை ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் பின்பும், அழைத்துக் காட்டட்டும். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முகவரிகள் இருக்கின்றன. பஸ் கட்டணமும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுத்தால் போதும், அவர்கள் வருவார்கள். அழைப்புக்காகக் காத்திருக்கிறவர்கள் நிறையப் பேர்.

எங்கள் குழுவில் ஒருவர் மிக்-21ல் பதினாறு ஆண்டு வேலை பார்த்தவர். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, ஸ்பேனர் பிடிக்க முடிவதில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் பாரு கண்ணு, அங்க ஒரு பேனல் இருக்கும், ஆறு ஸ்க்ரூ" என்று மாணவர்களுக்குச் சொல்கிறார். ஆறு ஸ்க்ரூதான் இருக்கிறது. எண்ணிப் பார்த்தோம்.

அன்று கல்லூரியில் ஐந்து துளைகளைத் திறந்து முடித்தபோது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வராந்தாவில் ஒதுங்கி நின்றோம். பக்கெட் பிடித்த மாணவர் தன் பையிலிருந்து ஒரு நீளமான கணக்கு நோட்டை எடுத்தார். நான் முந்தின வாரம் சொன்னதை வைத்து, ஸ்கேலால் கட்டம் போட்டு, மேலே ஃபார்ம் 700 என்று எழுதியிருந்தார். முதல் வரி: தேதி. இடது இறக்கை. வடிதுளைகள் ஐந்து திறக்கப்பட்டன. வெளிவந்த நீர் ஒன்றரை பக்கெட். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டு என்னிடம் நீட்டினார்.

"இங்க நீங்க சைன் பண்ணணும் சார்."

முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வரியில் அவர் எழுதினார்: வலது இறக்கை, பாக்கி.